இடது காலில் ஒரு வலை

அழுக்கு என்றுதான் நினைத்தேன். முப்பது வருஷமாக ஃபெஸ் நகரத்துப் பெண்களின் முதுகையும் காலையும் தேய்த்துக் கொடுக்கிறவளுக்கு அழுக்குக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கண்ணாடி போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஹம்மாமின், எங்கள் பொது வெந்நீர்க் குளியல் கூடத்தின், உள்ளறையில் கண்ணாடி போட்டால் ஒரே நிமிஷத்தில் ஆவி படிந்து குருடாகிவிடுவேன் என்பது ஒரு காரணம். கண்ணாடி போட்டவளிடம் கல்யாணப் பெண்ணை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் உண்மையான காரணம்.

புதன்கிழமை காலை. சனிக்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் பெண் வீட்டுப் பெண்களும் சேர்ந்து பெண்ணைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மெழுகுவர்த்தி ஏற்றிப் பாட்டுப் பாடி, குலவையிட்டு, ஏழு வாளி வெந்நீர் ஊற்றுவார்கள். உண்மையில் இது குளியல் இல்லை, பரிசோதனை. சீலை துணிமணி இல்லாமல் பெண்ணைப் பார்க்க மாமியாருக்குக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம். முதுகு வளைந்திருக்கிறதா, தேமல் இருக்கிறதா, தொட்டால் சுருங்குகிறாளா என்று எல்லாவற்றையும் பாட்டுக்கு நடுவில் பார்த்துவிடுவார்கள். எனக்குத் தெரியும், பெண்ணுக்கும் தெரியும். தெரியாத மாதிரி எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்போம்.

பெண்ணின் பெயர் சுகைனா. இருபத்தாறு வயது. எங்கள் தெருவுக்கு மேலண்டைத் தெரு. பேச்சுக் குறைவு. கறுப்பு சோப்பைப் பூசி ஊறவைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு தோளில் ஆரம்பித்தேன். முதுகு, கை, வலது கால் எல்லாம் ஆயிற்று. இடது காலை அவள் மடக்கி அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கூச்சம் என்று நினைத்து, "நீட்டும்மா, கடிக்க மாட்டேன்" என்று நான்தான் இழுத்து நீட்டினேன். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாகப் பழுப்பாக ஏதோ கோடு கோடாக ஓடியது. நல்ல அழுக்கு, ஊறியிருக்கிறது, வரட்டும் என்று அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அழுக்கு என்னை ஜெயிப்பதா? இன்னும் அழுத்தினேன். அவள் முனகக்கூட இல்லை. சுற்றியிருந்த தோல் சிவந்து வந்தது. சிவப்புக்கு நடுவில் அந்தப் பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று பின்னி, மீன் வலையைக் காலில் சுற்றி வைத்தது போல எடுப்பாகத் தெரிந்தன.

குழாயடியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய் பத்தூல் அம்மா, எங்கள் வழக்கில் லல்லா பத்தூல், திரும்பிப் பார்த்தார். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

"என்ன அது?"

"மச்சம்" என்றாள் சுகைனாவின் தாய் ஹனியா. ரொம்ப அவசரமாகச் சொன்னாள். "பொறந்ததுலருந்தே இருக்கு."

"மச்சம் வலை மாதிரியா இருக்கும்?" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா ஜலீலா. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், வாய் மூன்று பேருக்குக் காணும். "எங்க மாடி வீட்டுக்காரிக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல பழுப்பு. அப்புறம் பொரிப் பொரியா உடம்பு பூரா. புருஷன்காரன் தனிப் படுக்கை போட்டுட்டான். உம்மா, தொடாதீங்க."

வெந்நீர் வாளியைத் தூக்கி நின்ற பெண் அப்படியே கீழே வைத்துவிட்டாள். சுகைனா தரையில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை மறைக்கக்கூட முயலவில்லை. என் கை செய்த காரியம் இது. குனிந்து, மூக்கு தொடுகிற தூரத்தில் கண்ணை வைத்து அந்தக் காலைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. கணுக்காலுக்கு மேலே, காலுறை ஆரம்பிக்கிற இடத்தில் கத்தரித்தாற்போல் அந்த வலை முடிந்திருந்தது. காலுறை போட்டால் நோய் நிற்குமா? இந்த வலையை நான் எத்தனையோ கால்களில் பார்த்திருக்கிறேன். மாசி பங்குனியில் குளிர் முடிகிற சமயத்தில் மருந்துக்கடைக்காரம்மாவின் இரண்டு கால்களிலும் இருக்கும். போன வருஷம் என் தங்கைக்கே இருந்தது.

"அல்லா மேல சத்தியமா, இது நோயும் இல்ல நொடியும் இல்ல" என்று எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். அந்த அறையில் மெதுவாகப் பேசினாலே எதிரொலிக்கும். "ஹீட்டர்! கரண்டு ஹீட்டர். செவசெவன்னு குழாய் எரியுமே, அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தா தோல் இப்படித்தான் வலை கட்டும். சுடவும் சுடாது, கொப்புளமும் வராது. உள்ள மெதுவா வெந்து வெந்து கோடு விழும். டாக்டரக் கூப்பிட்டுக் கேளுங்க. என் தங்கச்சிக்கு இருக்கு. வேணும்னா இப்பவே கூட்டிட்டு வர்றேன்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஜலீலாவின் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு ஏழு வாளியையும் ஊற்றியிருக்க வேண்டும்.

லல்லா பத்தூல் கிட்டே வந்தார். பருமனான உடம்பு, நிதானமான நடை. குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு கால்லதான இருக்கு?"

"ஒரு பக்கமா உக்காந்தா ஒரு பக்கந்தான் வரும்" என்றேன்.

"எத்தன நாள் உக்காந்தா இப்படி வரும், யம்னா?"

என் பெயரைச் சொல்லி, ஒரு வைத்தியரைக் கேட்பது போல் கேட்டார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "நாளா? ஒரு குளிர்காலத்துல வர்றது வெயில் வந்தா மங்கிடும். இது மங்கவே இல்ல, மேல மேல விழுந்திருக்கு. மூணு குளிர்காலமாவது இருக்கும். தினமும் அஞ்சாறு மணி நேரம், அசையாம, அதே இடத்துல."

பேசி முடித்த பிறகுதான் ஹனியாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணால் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாகவோ.

"மூணு குளிர்காலம்" என்றார் லல்லா பத்தூல். "இவ வாப்பா வாதத்துல விழுந்து மூணு வருஷம்." ஹனியா பக்கம் திரும்பினார். "உன் மருமக வந்து இருந்து மாமனாரப் பாத்துக்கறான்னு சொன்னியே. பொண்ணுக்கு அந்த வேலையே இல்லன்னு சொன்னியே."

"வந்துக்கிட்டுதான் இருக்கா. கசாபிளாங்கால அவளுக்கு வேலை..."

"நான் பொண்ணக் கேக்கறேன்" என்று சுகைனாவின் முன்னால் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க மூத்தவன் கதை உனக்குத் தெரியும். அவன் பொண்டாட்டி, தன்னோட அம்மாவுக்கு முடியலன்னு போனா. பத்து நாள்னு போனா. நாலு வருஷம் ஆச்சு. அவன் டப்பா மீனத் தின்னுக்கிட்டு ஒத்தையில கெடக்கான். எனக்கு இன்னொரு தடவை அதத் தாங்க முடியாது தாயி. உன்னக் கட்டப்போற அனஸ் டாஞ்சியர்ல வேலை பாக்கறான். நீ அங்க வந்துட்டா, இந்த எடத்துல யாரு உக்காருவா?" அந்தக் காலின் மேல் விரலை வைத்துத்தான் 'இந்த எடத்துல' என்றார்.

"ஒருத்தரும் இல்ல மாமி" என்றாள் சுகைனா.

அவ்வளவுதான். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஏழு வாளியையும் ஊற்றினார்கள். குலவையும் இட்டார்கள், அது பாதித் தொண்டையில் நின்றது. கிளம்பும்போது லல்லா பத்தூல் எனக்கு சலாம் சொன்னார், ஹனியாவுக்குச் சொல்லவில்லை.

வெளியறையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டே ஹனியா என்னிடம் சொன்னாள்: "உன் கையும் நல்லால்ல யம்னா, உன் வாயும் நல்லால்ல." நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. "மருமக வரமாட்டா. எனக்குத் தெரியாதா? நான் ஒத்தையா கெடந்து அல்லாடறேன், அவரத் தூக்க முடியாட்டி உருட்டறேன், அது என் பாடு. இவளாவது போகட்டும்னுதான பொய் சொன்னேன். இல்லன்னா அந்த ஹீட்டர் பக்கத்துலயே உக்காந்து காஞ்சு போயிடுவா. ஒரு கால் போயிடுச்சு, மீதியாவது மிஞ்சட்டும்னு நெனச்சேன்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நாலு பேரைத் தேய்த்தேன், நாலு பேரும் "என்ன யம்னா, தடவிக் குடுக்கறியா" என்று குறைபட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் ஆலிவ் எண்ணெயில் தேன்மெழுகு காய்ச்சிய களிம்பு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் தேய்த்த புண்ணுக்கு மருந்தாவது நான் போட வேண்டும். ஹனியா கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள். பழைய வீடு. எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் எல்லாம் போலத்தான், நடுவில் முற்றம், அதற்கு மேலே வானம். கோடையில் சொர்க்கம். தை மாதத்தில் மேலேயிருந்து குளிர் நேராக இறங்கி எல்லா அறையிலும் குடியிருக்கும். சுகைனாவின் வாப்பா, பெயர் அல்லால், படுத்திருந்த அறையின் கதவு ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அதைச் சாத்தினால் அவர் மூச்சு முட்டுகிற மாதிரிக் கத்துகிறாராம், வாதம் வந்ததிலிருந்து அப்படி. இருபது வருஷம் பஸ் ஓட்டினவர், வெளியே தெரிந்தாக வேண்டும் போல. ஆகவே கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. அந்த அறையின் காற்றைச் சூடாக்குவது என்பது முற்றத்து வானத்தைச் சூடாக்குகிற வேலை.

கட்டிலின் கால்மாட்டில், ஒரு முக்காலி மேல் அந்த ஹீட்டர் இருந்தது. மூன்று குழாயில் இரண்டு எரிந்தன. எங்கள் ஹம்மாமின் சூடு தரையிலிருந்து வரும், சுவரிலிருந்து வரும், ஆவியாக மூக்குக்குள் போகும், வந்தவர் எல்லோருக்கும் உண்டு. இது அப்படி இல்லை. வாசலில் நின்றபோது என் மூச்சு புகையாக வெளியே வந்தது. ஹீட்டருக்கு நேராக இரண்டு எட்டு வைத்ததும், அதே குளிர்ந்த காற்றுக்குள் நின்றுகொண்டே என் கன்னம் வெயில் பட்டது போல் சுட்டது. முதுகு அப்படியே விறைத்திருந்தது. அது எதைப் பார்க்கிறதோ அதை மட்டும் சூடாக்குகிறது. பார்வையில் படாததைக் கண்டுகொள்வதில்லை. இன்னொன்று வாங்கி வைக்கலாம்தான். அந்த வீட்டின் பழைய வயருக்கு இரண்டு ஹீட்டர் தாங்காது, ஃபியூஸ் போய்விடும்.

அல்லால் இரண்டு கம்பளிக்குள் இருந்தார். முகமும் ஒரு கையும் மட்டும் வெளியே. நல்லாயிருக்கிற கால் சும்மா இருப்பதில்லை, கம்பளியை உதைத்து உதைத்து ஹீட்டர் பக்கம் தள்ளியது. சுகைனா ஹீட்டரை ஒட்டி, ஆனால் பக்கவாட்டில், ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் இடது கையால் கம்பளியைப் பிடித்து மேலே ஏற்றினாள். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் கம்பளி நெருப்பில் போய் விழும். இடது கால், என் புண்ணியத்தில் துணி சுற்றிய கால், சிவப்பு வெளிச்சத்தின் ஓரத்தில் நீட்டியிருந்தது. நான் துணியை அவிழ்த்துக் களிம்பு போட்டேன். "வலிக்குதா?" என்றேன். "இல்ல யம்னாக்கா. அந்தக் கால்ல எனக்கு ரொம்ப நாளாவே அவ்வளவா தெரியறதில்ல" என்றாள். நான் துணியை மறுபடி சுற்றிக் கட்டினேன்.

அப்போது லல்லா பத்தூல் வந்தார். தனியாக, ஜலீலா இல்லாமல்.

ஹனியா ஓடினாள். புதினாத் தேநீருக்கு அடுப்பு மூட்டினாள், பாதாம் பிஸ்கட் தட்டை எடுத்தாள், இருக்கிறதிலேயே நல்ல நாற்காலியை மெத்தையோடு தூக்கி வந்து ஹீட்டருக்கு நேர் எதிரே, கட்டிலுக்கு முன்னால் போட்டாள். விருந்தாளிக்கு வீட்டிலேயே நல்ல இடம். எங்கள் ஊரில் இதில் யோசிக்கவே எதுவும் இல்லை, பகையாளி வந்தாலும் அப்படித்தான் போடுவோம். லல்லா பத்தூல் உட்கார்ந்தார். குளிரில் நடந்து வந்தவர், இரண்டு கையையும் நீட்டிக் குளிர் காய்ந்தார். அவர் முகம் முழுக்கச் சிவப்பு. அவருக்குப் பின்னால் கட்டில் இருட்டாகிவிட்டது.

"அனஸ்கிட்ட பேசினேன்" என்றார். "உங்க இஷ்டம் உம்மாங்கறான். ஆம்பளப் பிள்ளைங்களுக்கு அதுக்கு மேல பேச வராது. ஆனா குரல் சரியில்ல. அவனுக்கு இந்தப் பொண்ணு வேணும். அதனாலதான் நானே வந்தேன். நாளைக்குக் காகிதம் எழுதறதா வேணாமான்னு இங்கயே முடிவு பண்ணிட்டுப் போறேன்." தேநீர்க் கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நீ பொய் சொன்னத நான் பெருசு பண்ணல ஹனியா. நானும் பொண்ணப் பெத்தவதான். சுகைனா, நீ ஒரு வார்த்த சொல்லு. வந்தா வந்ததுதான்னு அங்க இருப்பியா? ரம்ஜானுக்கு வா, பெருநாளுக்கு வா, நானே கூட்டிட்டு வர்றேன். மத்தபடி அங்க இருப்பியா?"

"இருப்பா" என்றாள் ஹனியா. "ஏன் இருக்க மாட்டா? சொல்லும்மா. இருப்பேன்னு சொல்லு."

சுகைனா வாயைத் திறந்தாள். அவளுக்கு அனஸைப் பிடித்திருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். அவன் ஊருக்கு வருகிற நாளில் அவள் நடையே வேறாக இருக்கும். அந்த ஒரு சொல் அவள் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன், இந்தக் கண்ணால், கண்ணாடி இல்லாமலே. சொல்லிவிடு பெண்ணே என்று நானும் மனசுக்குள் கத்தினேன். சொன்னால் என் பாவமும் தீர்ந்துவிடும் என்கிற சுயநலம் எனக்கு.

அவள் கண் லல்லா பத்தூலின் தோளைத் தாண்டிப் போனது. நானும் திரும்பிப் பார்த்தேன். அல்லாலின் கை கம்பளி மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் வந்தபோது அது நடுங்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. விருந்தாளியின் அகன்ற நிழல் கட்டில் முழுவதையும், சுவரில் பாதியையும் மூடியிருந்தது. அவருக்குப் பேச்சு இல்லை. இருந்திருந்தாலும் விருந்தாளியிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் மனுஷர்கள் செத்தாலும் சொல்ல மாட்டார்கள்.

"மாமி" என்றாள் சுகைனா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வாப்பாவுக்கு மறைக்குது."

ஹனியா கையில் இருந்த தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் தரையில் விழுந்தது. "என்ன பேச்சு இது! லல்லா, நீங்க உக்காருங்க, அவளுக்கு..." என்றாள்.

லல்லா பத்தூல் முதலில் சுகைனாவைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலிக் கையை ஊன்றி மெதுவாக எழுந்தார். ஒரு பக்கம் சுகைனாவின் ஸ்டூலுக்கு அருகே கொஞ்சம் இடம் இருந்தது. இன்னொரு பக்கம் வாசல். அவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழ எழ அந்த நிழல் கட்டிலை விட்டு நகர்ந்தது. சிவப்பு வெளிச்சம் கம்பளியின் மேல் ஏறி, நடுங்குகிற கையின் மேல் ஏறி, அல்லாலின் கன்னத்தைத் தொட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அதன் பக்கம் திருப்பினார்.